ஆறு டின் செர்ரியில் ஒரு டிசம்பர் விருந்து: பாகுக் கணக்கோடு செய்முறை

டின்னில் வரும் இனிப்புச் செர்ரியை வாங்குபவர்களில் பலர் பழத்தை எடுத்துக்கொண்டு பாகைத் தொட்டியில் ஊற்றிவிடுகிறார்கள். பிறகு சாஸ் வெளிறியிருக்கிறது, மணமே இல்லை என்ற புகார் எழுகிறது. டின்னை மூடிக் கொதிக்கவைக்கும்போதே பழம் வெந்துவிடுகிறது. அடுத்த சில வாரங்களில் பழத்தின் சாறு பாகுக்கும் பாகின் சர்க்கரை பழத்துக்கும் போய், இரண்டும் ஏறக்குறைய ஒரே இனிப்பில் நிற்கின்றன. நிறமும் மணமும் பாதிக்குப் பாதி பாகில்தான் இருக்கின்றன. ஆகவே இந்தச் சமையலில் பாகுதான் முதலில் அடுப்பேற வேண்டும், பழம் கடைசியில் சேர வேண்டும். கீழே வரும் நான்கு பண்டங்களுக்கும் அடிப்படை இதுதான்.

விருந்து எட்டு முதல் பத்துப் பேருக்கு. அமெரிக்க வீடுகளில் கிறிஸ்துமஸ் நாளில் மேசைக்கு வருகிற பண்டங்கள் மூன்று: செர்ரிப் பூச்சுடன் ஹாம் (உப்பில் ஊறிய பன்றித் தொடை), கோலா ஊற்றிய ஜெல்லி சாலட், தலைகீழ் கேக். நான்காவது டென்மார்க்கின் கிறிஸ்துமஸ் முன்னிரவு இனிப்பான ரிசலமாண்ட். குளிர்ந்த பால்சோற்றின் மேல் சூடான செர்ரி சாஸை ஊற்றித் தருவார்கள்.

எந்த டின்

425 கிராம் டின் ஆறு வேண்டும். லேபிளில் மூன்று சொற்களைப் பாருங்கள்: டார்க் ஸ்வீட், பிட்டட், ஹெவி சிரப். அதாவது கருஞ்சிவப்பு இனிப்பு வகை, கொட்டை நீக்கியது, கெட்டிப் பாகில் இட்டது. இந்த டின்களில் பெரும்பாலும் பிங் போன்ற கருஞ்சிவப்பு வகைகள்தான் இருக்கும். பிங் 1870களில் ஓரிகன் மாநிலத்தின் மில்வாக்கியில், சேத் லெவெல்லிங் என்பவரின் தோட்டத்தில் உருவான ரகம். அங்கே மேற்பார்வையாளராக இருந்த சீனத் தொழிலாளி ஆ பிங்கின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அமெரிக்காவின் இனிப்புச் செர்ரி பெரும்பாலும் வாஷிங்டன், ஓரிகன், கலிஃபோர்னியா மாநிலங்களிலிருந்து வருகிறது. பை செய்யப் பயன்படும் புளிப்புச் செர்ரி முக்கியமாக மிச்சிகனில் விளைகிறது. அது வேறு பழம், அதன் அளவுகளும் வேறு.

ராயல் ஆன் என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது வெளிர்மஞ்சள் செர்ரி. பழக்கலவைக்கு அழகாக இருக்கும், ஹாம் பூச்சுக்கு நிறம் தராது. செர்ரி பை ஃபில்லிங் ஏற்கெனவே மாவுச்சத்து போட்டுக் கெட்டியாக்கியது, பெரும்பாலும் புளிப்புச் செர்ரியில் செய்தது. அதை இங்கே போட்டால் ஜெல்லி கலங்கும், பூச்சு கட்டிதட்டும். காக்டெயில் மேல் வைக்கும் மராஸ்கினோவும் சரிவராது. அது உப்புநீரில் வெளுத்து, சாயமேற்றிச் சர்க்கரையில் ஊறிய பழம், செர்ரி மணம் அதில் மிச்சமிருக்காது. நம் ஊர் பேக்கரி கேக்கின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் சிவப்பு உருண்டையோ பல இடங்களில் செர்ரியே இல்லை. களாக்காயைச் சாயமிட்டுச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்தது அது. நல்ல பண்டம்தான், ஆனால் சாஸுக்கு உதவாது.

தண்ணீரில் இட்ட டின் மட்டும்தான் கிடைத்ததா? ஒவ்வொரு டின்னுக்கும் 3 டேபிள்ஸ்பூன் சர்க்கரை சேர்த்து, வடித்த நீரோடு கொதிக்கவிட்டுக் கணக்கைத் தொடரலாம். மணம் ஒரு படி குறையும்.

விளிம்பு மடிப்பில் நசுங்கியிருக்கும் டின்னையும், உப்பியிருக்கும் டின்னையும் வாங்க வேண்டாம். வீட்டில் இருந்தாலும் தூக்கி எறியுங்கள், ருசி பார்த்துச் சோதிக்காதீர்கள்.

வடித்தலும் பங்கீடும்

ஆறு டின்னையும் முதல் நாளே ஒன்றாகத் திறந்துவிடுவது நல்லது. ஒவ்வொரு பண்டத்துக்கும் தனித்தனியாகத் திறந்தால் ஒன்றில் பாகு மிஞ்சும், இன்னொன்றில் பற்றாது. அகலமான வடிகட்டியில் பழத்தைக் கொட்டி, கீழே பாத்திரம் வைத்து, அரை மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். கரண்டியால் அழுத்தினால் தோல் கிழிந்து சதை பாகில் கரையும், பாகு கலங்கிவிடும்.

ஒரு டின்னில் சுமார் 240 கிராம் பழமும் 170 மி.லி. பாகும் கிடைக்கும். ஆறு டின்னுக்கு ஏறத்தாழ 1 லிட்டர் பாகு. பங்கீடு இப்படி: ரிசலமாண்ட் சாஸுக்கு 2 டின் பழம், 340 மி.லி. பாகு. ஹாமுக்கு 1 டின் பழம், 340 மி.லி. பாகு. ஜெல்லிக்கு 1 டின் பழம், 170 மி.லி. பாகு. கேக்குக்கு 2 டின் பழம், மிச்சமுள்ள 170 மி.லி. பாகு. ஹாமுக்குப் பாகு இரட்டிப்பாகப் போகிறது, கேக்குக்குப் பாதிதான் வேண்டும். அதனால்தான் மொத்தமாக வடிக்கச் சொல்கிறோம்.

வடிந்த பழத்தை ஒவ்வொன்றாக விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கொட்டையை எடுப்பது இயந்திரம், அதன் கையில் சில தப்பிவிடும். டின் லேபிளிலேயே அந்த எச்சரிக்கை இருக்கும். ஒரு டின்னுக்கு இரண்டு நிமிட வேலை, ஒரு பல்லின் விலையோடு ஒப்பிட்டால் மலிவு.

வடித்ததையெல்லாம் கண்ணாடிப் பாத்திரங்களில் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். சிவப்புப் பழங்களின் நிறம் உலோகத்தோடு சேர்ந்தால் மங்கி ஊதாவாகும். அதனால் இந்த டின்களின் உட்புறத்தில் பூச்சு கொடுத்திருப்பார்கள். திறந்த டின்னில் கரண்டி கீறிய இடத்தில் அந்தப் பாதுகாப்பு போய்விடும். சாஸ் காய்ச்சுவதற்கும் வெறும் அலுமினியப் பாத்திரம் வேண்டாம், எவர்சில்வர் போதும்.

ரிசலமாண்ட்: முதல் நாள் பால்சோறு

அதிகக் கவனம் கேட்பது இதுதான். தேவை: குட்டைமணி வெள்ளை அரிசி 200 கிராம், தண்ணீர் 100 மி.லி., முழுக்கொழுப்புப் பால் 1 லிட்டர், ஒரு வனிலாக் காய், தோல் நீக்கிய பாதாம் 125 கிராம், சர்க்கரை 3 டேபிள்ஸ்பூன், அடிக்கிற க்ரீம் 500 மி.லி., உப்பு ஒரு சிட்டிகை.

டென்மார்க்கில் இதற்கென்றே கஞ்சி அரிசி விற்கிறார்கள். இத்தாலிய ஆர்போரியோ அதற்கு மிக நெருக்கம். பாசுமதி கூடாது. மணி தனித்தனியாக நின்று, பால் கெட்டிப்படாமல் நீராகவே கிடக்கும்.

அடிகனமான பாத்திரத்தில் அரிசியும் தண்ணீரும் மட்டும் போட்டு 2 நிமிடம் கொதிக்கவிடுங்கள். இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். பாலில் நேராகப் போட்ட அரிசி அடியில் தங்கிப் பிடிக்கும். முதலில் சுடுநீரில் மேல்மாவு வெந்துவிட்டால் அது குறையும். பிறகு பாலையும் கீறிய வனிலாக் காயையும் சேர்த்து, கொதி வரும்வரை கையெடுக்காமல் கிளறுங்கள். கொதித்ததும் தீயை மிகக் குறைத்து, மூடி, 35 நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடியைத் தொட்டுக் கிளற வேண்டும். உப்பைக் கடைசியில் போடுங்கள். இறக்கும்போது பால் பொங்கலைவிடத் தளர்வாக, பாயசத்தைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். ஆறினால் இன்னும் இறுகும்.

சர்க்கரையைச் சூட்டிலேயே கலந்து, முழுதாக ஆறியபின் ஃப்ரிட்ஜில் ஒரு இரவு வையுங்கள். அரைச்சூட்டில் க்ரீமைக் கலந்தால் அது உருகி ஓடிவிடும், இந்தப் பண்டம் கெடுவதற்கு முதல் காரணம் அந்த அவசரம்தான். மறுநாள் வனிலாக் காயை எடுத்துவிட்டு, கட்டியைக் கரண்டியால் தளர்த்துங்கள். ஒரு முழுப் பாதாமைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்றதைப் பரும்படியாக நறுக்கிச் சேர்க்கவும். க்ரீமை மென்மையாக நிற்கும் பதத்துக்கு அடித்து, மூன்று தவணையாக மடித்துக் கலக்க வேண்டும். முதல் தவணையைத் தாராளமாகவே கலக்கலாம், அது சோற்றை இளக்கத்தான். அடுத்த இரண்டையும் அடியிலிருந்து மேலே புரட்டினால் போதும். க்ரீமை விறைப்பாக அடித்துவிட்டால் வாயில் வெண்ணெய்த் திட்டு தட்டும்.

முழுப் பாதாமைக் கடைசியில் உள்ளே ஒளித்துவிடுவார்கள். யார் கிண்ணத்தில் அது வருகிறதோ அவருக்குப் பரிசு, வழக்கமாக மார்சிபானில், அதாவது பாதாமும் சர்க்கரையும் அரைத்த விழுதில், செய்த பன்றிக்குட்டி. கிடைத்தவர் உடனே சொல்லாமல் கன்னத்தில் அடக்கிக்கொள்வார், மற்றவர்கள் பாத்திரம் காலியாகும்வரை தேடித் தின்ன வேண்டும். எவ்வளவு செய்தாலும் மிஞ்சாத ரகசியம் அதுதான். சின்னக் குழந்தைகள் மேசையில் இருந்தால் முழுப் பாதாமை விட்டுவிட்டு, ஒரு கிண்ணத்தின் அடியில் குறி ஒட்டி விளையாடலாம்.

சாஸ்

டென்மார்க்கில் இந்தச் சாஸ் பெரும்பாலும் புளிப்புச் செர்ரியில் வரும். இனிப்புச் செர்ரியில் செய்யும்போது குறைவது புளிப்பு ஒன்றுதான், அதை நாம் ஈடுகட்ட வேண்டும்.

340 மி.லி. பாகில் 140 மி.லி. ஆரஞ்சுச் சாறு அல்லது தண்ணீர் சேர்த்து 480 மி.லி. ஆக்குங்கள். 2 டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளோரை, அதாவது 16 கிராமை, 4 டேபிள்ஸ்பூன் குளிர்ந்த நீரில் கரைத்து வையுங்கள். அமெரிக்கக் கடைகளில் இதைக் கார்ன்ஸ்டார்ச் என்று கேட்க வேண்டும், மஞ்சள் சோள மாவு வாங்கிவிடாதீர்கள். பாகு கொதிக்கும்போது கரைசலை மறுபடி ஒருமுறை கலக்கி, மெல்லிய தாரையாக ஊற்றிக் கிளறுங்கள். மீண்டும் கொதி வந்து ஒரு முழு நிமிடம் குமிழ்விட வேண்டும். அதற்குமுன் இறக்கினால் பச்சை மாவு ருசி நிற்கும், ஆறியபின் நீர் பிரியும். ஐந்து நிமிடத்துக்குமேல் கொதிக்கவிட்டாலும் கெட்டித்தன்மை உடைந்து இளகிவிடும்.

இறக்கியபின்தான் எலுமிச்சைச் சாறு, 2 டேபிள்ஸ்பூன். அமிலமும் கொதியும் சேர்ந்தால் மாவுச்சத்து அறுபடும், அதனால் முன்பே ஊற்றக் கூடாது. உப்பு ஒரு சிட்டிகை, பாதாம் எசென்ஸ் கால் டீஸ்பூன். செர்ரிக் கொட்டைக்கும் பாதாம் எசென்ஸுக்கும் ஒரே மணம், கொட்டை நீக்கியபோது போனதை அந்தச் சொட்டு திருப்பித் தருகிறது. அரை டீஸ்பூன் ஆனால் இருமல் மருந்து வாடை வந்துவிடும். கடைசியில் 2 டின் பழத்தையும் சேர்த்து, மிதமான சூட்டில் ஒரு நிமிடம் வெதுப்பினால் முடிந்தது.

சூட்டில் சாஸ் தேவைக்குச் சற்று இளக்கமாகவே தெரிய வேண்டும். அடுப்பிலேயே சரியான பதம் பார்த்தால் மேசைக்குப் போகும்போது கூழாகிவிடும். இறுகிவிட்டால் இரண்டு ஸ்பூன் சுடுநீர் விட்டுத் தளர்த்தலாம்.

ஹாம்

எலும்போடு, முன்பே வெந்து சீவல் போட்டு வரும் 4 கிலோ ஹாம். நாம் செய்வது சூடாக்குதலும் பூச்சும்தான். வெட்டுப் பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் வைத்து, ஒரு கப் தண்ணீர் ஊற்றி, அலுமினியத் தாளால் இறுக்கி மூடி, 160 டிகிரி செல்சியஸில் கிலோவுக்கு 25 முதல் 30 நிமிடம்.

பூச்சு: அகலமான பாத்திரத்தில் 340 மி.லி. பாகு, நாட்டுச் சர்க்கரை 50 கிராம், ஆப்பிள் சைடர் வினிகர் 60 மி.லி., டிஜான் கடுகு விழுது 1 டேபிள்ஸ்பூன், கிராம்புப் பொடி கால் டீஸ்பூன், மிளகு அரை டீஸ்பூன். சுமார் 15 நிமிடத்தில் பாதியாக வற்றி, பிசுபிசுப்புப் பதத்துக்கு வரும். கம்பிப் பதத்துக்கு விடவேண்டாம், இறைச்சிமேல் பரவாமல் மிட்டாய்போல் உடையும். பாகு ஏற்கெனவே இனிப்பு என்பதால் சர்க்கரை இவ்வளவுதான். வழக்கமான ஹாம் குறிப்புகளில் இதைப்போல நாலு மடங்கு இருக்கும், அதைப் பின்பற்றினால் தின்ன முடியாது. உப்பு வேண்டவே வேண்டாம், ஹாமே உப்பில் ஊறியது.

ஹாமின் நடுப்பகுதி, எலும்பில் படாமல் குத்திய வெப்பமானியில் 50 டிகிரி காட்டியதும் தாளை எடுத்து, ஓவனை 200 டிகிரிக்கு ஏற்றுங்கள். பூச்சில் மூன்றில் இரண்டு பங்கை இரண்டு தடவையாக, 10 நிமிட இடைவெளியில் தடவுங்கள். ஆரம்பத்திலேயே தடவினால் சர்க்கரை கருகி, ஓவன் முழுக்கப் புகையாகும். 60 டிகிரி வந்ததும் எடுத்துவிடலாம். பழத்தை ஹாமின் மேல் குச்சியால் குத்தி ஓவனில் வைக்கும் படங்கள் அழகாகத்தான் இருக்கும். டின் பழம் அந்தச் சூட்டில் சுருங்கி, தோல் மட்டும்தான் மிஞ்சும். மீதிப் பூச்சில் தட்டில் இறங்கிய சாறு நாலு ஸ்பூன் விட்டு, பழத்தைச் சேர்த்து ஒரு கொதி விட்டுப் பக்கத்தில் வையுங்கள்.

பன்றி சாப்பிடாத வீட்டில் முழுக்கோழிக்கும் இதே பூச்சு பொருந்தும். அப்போது கோழிக்கு உப்பு போட வேண்டும், உட்சூடு 74 டிகிரி வரவேண்டும்.

கோலா ஜெல்லி சாலட்

அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் பண்டிகை மேசையில் இது சாலட் என்ற பெயரில் இறைச்சியோடு பரிமாறப்படும். அதில் சண்டை வேண்டாம்.

85 கிராம் செர்ரி ஜெலட்டின் பாக்கெட் இரண்டு. 567 கிராம் டின் நொறுக்கிய அன்னாசியை வடித்து, அதன் சாற்றோடு 170 மி.லி. செர்ரிப் பாகைச் சேருங்கள். 480 மி.லி. வரவேண்டும், குறைந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். அதைக் கொதிக்கவைத்து, இறக்கி, ஜெலட்டினைப் போட்டு 2 நிமிடம் முழுதாகக் கரையும்வரை கலக்கவும். கைச்சூட்டுக்கு வந்ததும் 355 மி.லி. குளிர்ந்த கோலாவைப் பாத்திர ஓரமாக மெல்ல ஊற்றுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து, முட்டை வெள்ளைப் பதம் வரும்வரை, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், காத்திருங்கள். அப்போதுதான் பாதியாக வெட்டிய செர்ரி, அன்னாசி, ஒரு கப் பீக்கன் பருப்பு, சிறு துண்டுகளாக்கிய 226 கிராம் க்ரீம் சீஸ் சேர வேண்டும். முன்னால் போட்டால் பழம் அடியிலும் பருப்பு மேலுமாகப் பிரிந்து நிற்கும்.

அன்னாசி டின்னில் வந்ததாகவே இருக்கட்டும். புது அன்னாசியில் உள்ள ப்ரோமலின் என்ற நொதி ஜெலட்டினின் புரதத்தை அறுத்துவிடும், இரவு முழுக்க வைத்தாலும் தண்ணீராகவே இருக்கும். டின்னில் வெந்தபோது அந்த நொதி செயலிழந்துவிடுகிறது. பச்சைப் பப்பாளி, கிவி, இஞ்சி எல்லாம் இதே வில்லங்கம்தான்.

சைவ வீட்டுக்கு அகர் அகர் போதும், கடைகளில் சைனா கிராஸ் என்றும் கிடைக்கும். 800 மி.லி. திரவத்துக்குப் பொடியாக 7 கிராம். அதைத் திரவத்தில் போட்டு 2 நிமிடமாவது கொதிக்கவைக்க வேண்டும், வெந்நீரில் கரையாது. ஜெலட்டின் பாக்கெட்டில் சர்க்கரை இருக்கும், அகரில் இல்லை, ஆகவே 100 கிராம் சர்க்கரை கூட்டுங்கள். வெளிச்சூட்டிலேயே உறைந்துவிடுமாதலால் கோலாவை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராக ஊற்றாதீர்கள், கட்டிகட்டியாகும்.

கேக்

டின் செர்ரியை மாவுக்குள் போட்டுச் சுடும் கேக்கில் இரண்டு குறைகள் தவறாமல் வரும். பழம் அடியில் தங்கும். ஒவ்வொரு பழத்தைச் சுற்றியும் நீலமோ பச்சையோ ஆன வளையம் தோன்றும். முதலாவதற்கு எல்லோரும் பழத்தை மாவில் புரட்டச் சொல்கிறார்கள். கேக் கலவை தளர்வாக இருந்தால் எத்தனை புரட்டினாலும் மூழ்கும், கலவை கெட்டியாக இருந்தால் புரட்டாமலே நிற்கும். வளையத்துக்குக் காரணம் பேக்கிங் சோடா. செர்ரியின் நிறமி அமிலத்தில் சிவப்பு, காரத்தில் நீலம். கெட்டுப்போன கேக் இல்லை, ஆனால் பார்ப்பவர் அப்படித்தான் நினைப்பார்.

தலைகீழ் கேக்கில் மூழ்கும் பிரச்சினையே கிடையாது. 23 செ.மீ. அடிகனமான, அடி கழலாத வட்டத் தட்டில் 50 கிராம் வெண்ணெயை உருக்கி, 100 கிராம் நாட்டுச் சர்க்கரையைத் தூவுங்கள். அடி கழலும் தட்டானால் வெண்ணெய் ஒழுகி ஓவனில் எரியும். 2 டின் பழத்தையும் துணியில் பரப்பி ஈரம் ஒற்றி, நெருக்கமாக அடுக்குங்கள். ஒற்றாமல் வைத்தால் மேலே வரும் கேக் ஊறி வேகாமல் நிற்கும்.

கலவைக்கு 115 கிராம் வெண்ணெயும் 150 கிராம் சர்க்கரையும் குழைத்து, 2 முட்டையை ஒவ்வொன்றாக அடித்துச் சேர்த்து, 190 கிராம் மைதா, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் உப்பு ஆகியவற்றை 120 மி.லி. புளித்த கெட்டி மோரோடு மாற்றி மாற்றிக் கலக்கவும். சோடா கிடையாது. மோரின் புளிப்பு நிறத்தைச் சிவப்பிலேயே பிடித்துவைக்கும். 175 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம். வெளியே எடுத்துப் பத்து நிமிடத்தில் கவிழ்த்துவிடுங்கள். உடனே கவிழ்த்தால் பழம் சரியும், அரை மணி தாண்டினால் சர்க்கரை இறுகித் தட்டோடு ஒட்டும்.

மிச்சமிருந்த 170 மி.லி. பாகைப் பாதியாக வற்றவிட்டு, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு, கேக் சூடாக இருக்கும்போது மேலே தடவுங்கள். தடவியது போக மிஞ்சுவது எலுமிச்சையும் சோடாவும் சேர்த்துக் குடிக்க நன்றாக இருக்கும்.

வேலை வரிசையும் மிச்சமும்

முதல் நாள்: வடித்தல், பால்சோறு, ஜெல்லி, ஹாம் பூச்சு. விருந்தன்று காலை கேக், மதியம் ஹாம். சாஸைச் சாப்பிடுவதற்கு அரை மணி முன்பு செய்தால் போதும்.

மிஞ்சிய பழமும் பாகும் கண்ணாடியில் ஃப்ரிட்ஜில் ஐந்து நாள் தாங்கும், உறையவைத்தால் மாதக்கணக்கில். கார்ன்ஃப்ளோர் சேர்த்த சாஸை மட்டும் உறையவைக்காதீர்கள், உருகும்போது நீர் தனியாகப் பிரியும். உறையவைக்கும் எண்ணம் முன்பே இருந்தால் கார்ன்ஃப்ளோருக்குப் பதில் மரவள்ளி மாவுச்சத்து போடுங்கள். க்ரீம் கலந்த ரிசலமாண்ட் இரண்டு நாளுக்குள் தீர வேண்டும்.